புட்டி அக்கா காய்ச்சிய தங்கம்

எங்கள் லேபில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலை அவளுக்கு. அதனால் புட்டி அக்கா. வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமல் கழுவிக்கொண்டிருப்பாள். நான் அவளைவிட எட்டு வயது இளையவன். பக்கத்து அறையில் நோயாளிகளின் சளியிலிருந்து கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் டெக்னீஷியன். ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்திருக்கிறோம். ஆனாலும் அவள் கதையில் பாதியை நான் தெரிந்துகொண்டது கோர்ட் வராந்தாவில் காத்திருந்த நாட்களில்தான். மீதி என் கண்முன்னே நடந்தது. கண்முன்னே என்பது முழு உண்மையில்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அவள் வளர்ந்த வீட்டில் அடி என்பது தினசரிச் சங்கதி. அப்பா லாரிப் பட்டறையில் டயர் கழற்றி மாட்டுகிறவர். குடித்தால் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டால் அந்தக் கோபத்தில் அடிப்பார். பழைய ட்யூபை வாராக அறுத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அவர் அதை எடுத்ததும் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தம்பி ஏழு வயது சின்னவன். அக்கா அவனைச் சுவரோரமாகத் தள்ளி, அவன்மேல் கவிழ்ந்துகொள்வாள்.

"அவன் கத்துவானே தவிர ஒரு அடி வாங்கினதில்ல சார். அவன் பங்கையும் சேர்த்து நானே வாங்கிட்டேன்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எதையும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

அவளுக்குப் பதினாறு வயதானபோது ஜாக்கி நழுவி, லாரியின் அடியில் அப்பா நசுங்கிச் செத்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே மிச்சமில்லை என்றார்கள். "அழுகை வரல சார். அன்னிக்கு ராத்திரி மல்லாந்து படுத்தேன். அதுக்கு முன்னால நான் மல்லாந்து படுத்ததே கிடையாது" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவர். கை ஓங்கத் தெரியாத மனிதர். மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு இருமல் வந்தது. இரண்டு தடவை சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிக்கிற இயந்திரம் தூரத்தில் ஒரு பெரிய ஊரில்தான் இருந்தது. அதற்குள் போடும் குப்பி வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அடுத்த மாதம் சளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் அவர் இருமி, முன்சீட்டின் முதுகில் ரத்தமாகத் துப்பிவிட்டார்.

பஸ்ஸுக்குள் கூச்சல். யாரோ "இறக்கி விடுங்கடா" என்றான். நான்கு பேர் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கையால் தொட அருவருத்து ஒருவன் காலால் உதைத்தான். ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் படியிலிருந்து அவர் ஜல்லியில் போய் விழுந்தார். அக்கா பின்னாலேயே குதித்தாள். கூட வந்திருந்த தம்பியும் குதித்தான். பல் தெறித்து, மூக்கு உடைந்து கிடந்தவரைத் தம்பிதான் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தான். பத்தொன்பது நாளில் அவர் போய்விட்டார். காசநோய் இருக்கிறது என்ற ரிப்போர்ட் அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது.

அந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் எங்கள் லேப் வாசலில் வந்து நின்றாள். லேபை நடத்தும் டாக்டரம்மா வெளியே வந்து என்னவென்று கேட்டார்.

"இங்க ஒரு மணி நேரத்துல சொல்லிடுவீங்களாமே?"

"ரெண்டு மணி நேரம் ஆகும். மெஷின் எதுவும் வேண்டாம். கண்ணால கலரைப் பார்த்தே சொல்லிடலாம்."

"அப்ப எனக்கு இங்க ஏதாவது வேலை குடுங்க. கூட்டறதோ கழுவறதோ."

அந்தப் பரிசோதனையை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவு பொடிப்பொடியாக, நானோ துகளாக ஆக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், அதன் மஞ்சள் போய்விடும், நல்ல சிவப்பாகிவிடும். அந்தத் துகள்களின்மேல், காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவோடு மட்டும் ஜோடி சேரும் குட்டி இழைகளை ஒட்டி வைத்திருப்போம். நோயாளியின் சளியிலிருந்து நான் பிரித்தெடுத்துப் பெருக்கிய டிஎன்ஏவை அதில் கலந்து, இரண்டு சொட்டு உப்புக் கரைசல் விடுவோம். கிருமியின் டிஎன்ஏ இருந்தால் அது இழைகளோடு சேர்ந்து நின்று துகள்களைக் காப்பாற்றும். சிவப்பு அப்படியே நிற்கும். அது இல்லையென்றால் உப்புப் பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு நீலமாகிவிடும். சிவப்பு என்றால் நோய், நீலம் என்றால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான். கரண்ட் போனாலும் வெந்நீர்ச் சட்டி இருந்தால் செய்துவிடலாம்.

ஆனால் இந்தச் சிவப்புத் தண்ணீருக்கு மகா ரோஷம். அதைக் காய்ச்சும் குடுவையில் இம்மி அழுக்கு இருந்தாலும் கெட்டுப்போகும். டாக்டரம்மா காய்ச்சிய தங்கம் நான்கில் ஒரு தடவை கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார். ஒரு நாள் புட்டி அக்கா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "மேடம், கடைசி அலசலைக் குழாய்த் தண்ணில அலசிட்டீங்க. அதுல உப்பு இருக்குமில்ல?"

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "நீ எப்ப இதெல்லாம் கவனிச்ச?"

"கழுவறவளுக்குத் தெரியாதா மேடம், எதைக் கழுவறோம்னு?"

அன்று முதல் காய்ச்சும் வேலை அவளுக்கு வந்தது. குடுவைகளை ராஜ திராவகத்தால் கழுவுவாள். தங்கத்தையே கரைத்துவிடும் அமிலக் கலவை அது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில், மூக்கைப் பிடுங்கும் ஆவியோடு, புகை இழுக்கும் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பாட்டிலில் நிற்கும். அந்தப் பாட்டிலை மூடவே கூடாது. மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். மூடியையே எடுத்து வேறு மேசையில் வைத்துவிடுவாள். பிறகு சுத்தத் தண்ணீரில் ஐந்து அலசல். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து, சிட்ரேட் உப்பை ஒரே மூச்சில் ஊற்றுவாள். வெளிர் மஞ்சள் வெளுக்கும், கறுக்கும், பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவக்கும். அவள் காய்ச்சிய தங்கம் ஒரு தடவைகூடக் கெட்டதில்லை.

அந்தப் பெருமையை வீட்டில் சொல்லாமல் இருப்பாளா? அவளும் அம்மாவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தம்பி லாரி ஷெட்டில் சுமை ஏற்றுகிறவன். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது, "இன்னிக்கு அரை லிட்டர் தங்கம் காய்ச்சினேன்" என்றாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "என்னக்கா, நீயே ராணியாயிட்ட" என்றான். அதே வேடிக்கையை ஷெட்டில் தன் கூட்டாளியிடம் சொன்னான். அந்தக் கூட்டாளியை எல்லாரும் மொட்டை என்பார்கள். மொட்டை சிரிக்கவில்லை. எத்தனை லிட்டர், யார் காவல், எத்தனை மணிக்கு ஆள் குறைவு என்று கேட்டான்.

பேச்சு ஷெட்டோடு நிற்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார்: "ஏன் தம்பி, எங்க சளியிலேர்ந்துதான் தங்கம் எடுக்கறீங்களாமே? அதான் இனாமா டெஸ்ட் பண்றீங்களா?"

"உங்க சளியில தங்கம் இருந்தா நான் எதுக்குங்கய்யா இந்த வேலையில இருக்கேன்?" என்றேன். வரிசையே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்காமல் சளிக் கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டுப் போனார். அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். லேபிலிருந்த மொத்தத் தங்கத்தையும் திரட்டினாலும் ஒரு மோதிரத்துக்குத் தேறாது. அதை யாரிடம் போய் விளக்குவது?

அன்று சனிக்கிழமை. அரை நாள் வேலை. டாக்டரம்மா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணி வாக்கில் நோயாளிகள் போய்விட்டார்கள். நாற்பத்தோரு பேருடைய சளிக் குப்பிகள் என் மேசைமேல் வரிசையாக இருந்தன. வாசலில் வாட்ச்மேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கும்போதும் கால் பிரேக்கை மிதிப்பதுபோல அசையும். அதைச் சொல்லி நாங்கள் கிண்டல் செய்வோம்.

முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். காசநோய் லேபுக்கு முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்களை யார் சந்தேகப்படுவார்கள்? வாட்ச்மேன் எழுந்து, "டைம் முடிஞ்சுதுப்பா, திங்கக்கிழமை வாங்க" என்றார். அடுத்து எனக்குக் கேட்டது, பூசணிக்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம்.

இந்த இடத்தில்தான் என் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்ட நொடியில் மேசைக்கடியில் புகுந்துவிட்டேன். முழங்காலை மடக்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் பார்க்க முடிந்தது கால்களை மட்டும்தான். ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு ஜோடி நீல வார் செருப்பு. வாசலில் விழுந்து கிடந்த வாட்ச்மேனின் கை நீண்டு வந்து ஒரு கணுக்காலைப் பற்றியது. "விடுய்யா... விடு..." என்று ஒரு குரல் நடுங்கியது. பிறகு இரும்பு காற்றை அறுக்கும் ஓசை. அந்தக் கை தளர்ந்து விரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

புட்டி அக்கா கழுவும் அறையின் கதவுக்கு வந்திருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் பூட்ஸ் போட்டிருந்த மொட்டை இரும்புக் கம்பியால் வாட்ச்மேனின் தோளில் அடித்ததை. விழுந்தவர் மற்றவன் காலைப் பிடித்ததை. அவன் மொட்டையின் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கி, குப்புறக் கிடந்தவரின் பின்மண்டையில் ஓங்கி இறக்கியதை. முகத்தில் துணி இருந்தாலென்ன? அவள் பொத்திப் பொத்தி வளர்த்த உடம்பு அது.

"டேய்" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. நீலச் செருப்பு அப்படியே நின்றுவிட்டது.

மொட்டை அவளைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினான். "தங்கம் எங்கடி?"

அவள் அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த சிவப்புக் குடுவையைக் காட்டினாள். "இதான். எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்க. அந்த மனுஷனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

அறை விழுந்தது. உதடு கிழிந்தது. "யாரை லூசுன்னு நெனச்ச? சாயத் தண்ணியைக் காட்டி ஏமாத்தறியா?" குடுவையை எடுத்து அவள் காலடியில் போட்டு உடைத்தான். லேபிலிருந்த தங்கம் அத்தனையும் சிவப்பாகத் தரையில் ஓடி, சாக்கடைத் துளைக்குள் இறங்கியது. பிறகு அவன் தம்பியிடமிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு என் அறைக்குள் வந்து, என் மேசையை ஒரு வீச்சு வீசினான். நாற்பத்தோரு குப்பிகளும் என் தலைக்குமேல் நொறுங்கின. சளியும் கண்ணாடித் தூளும் மேசை விளிம்பிலிருந்து என் முதுகில் சொட்டின. நான் அசையவில்லை.

திரும்பிப் போனபோதுதான் மொட்டையின் கண்ணில் அலமாரிக்குள்ளிருந்த பாட்டில் பட்டது. ஆரஞ்சு மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு.

"அப்ப இது என்ன?"

"ஆசிட்! தொடாத!"

"மஞ்சளா இருக்கறது ஆசிட்டு, செவப்பா இருக்கறது தங்கம். நல்லா விடறாடா உங்கக்கா கதை" என்றான் மொட்டை. தம்பி பாட்டிலை எடுத்தான். மேசையில் கிடந்த மூடியைக் கண்டுபிடித்துத் திருகத் தொடங்கினான். அக்கா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மூடாதடா! மூடினா வெடிச்சிடும். சொன்னா கேளு!"

"விடுக்கா."

"டேய், உன் நல்லதுக்குத்தான்டா..."

அவன் அவள் கையை முறுக்கி உதறினான். கைமுட்டி கல்தொட்டியின் விளிம்பில் மோதியது. எலும்பு உடைந்த சத்தம் மேசைக்கடியில் எனக்கே கேட்டது. அவன் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தான். பிறகு மூடியை இறுகத் திருகி, பாட்டிலைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினான்.

பைக் கிளம்பும் ஓசை. தெருவில் இரண்டு வேகத்தடைகள் உண்டு. இரண்டாவதைத் தாண்டியபோது வெடித்தது.

நான் வெளியே வந்தபோது நடந்துகொண்டிருந்ததைச் சொல்கிறேன். தம்பி தெருவில் புரண்டுகொண்டிருந்தான். வலப்பக்கக் கழுத்து, கன்னம், ஒரு கண். சட்டை புகைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அவன் கத்தியதை மனுஷக் கத்தல் என்று சொல்ல முடியாது. மொட்டை பைக்கை நிறுத்தவே இல்லை. அக்கா ஒரு கை தொங்க, இன்னொரு கையால் வாசல் குழாயின் ரப்பர் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீரை அவன் முகத்தில் பீய்ச்சினாள். பல்லால் கடித்து அவன் சட்டையைக் கிழித்தாள். அவள் உதடும் நாக்கும் வெந்து வெளுத்துப்போயின.

அதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. லேப் வாசலில் ரத்தத்தில் கிடந்த வாட்ச்மேனைப் பார்த்துவிட்டார்கள். "இவன்தான்டா! அடிங்கடா!" முதல் உதை அவன் விலாவில் விழுந்தது. இரண்டாவது அக்காவின் இடுப்பில். ஒருவன் செங்கல்லைத் தூக்கினான். அவள் தம்பிமேல் கவிழ்ந்துகொண்டாள், ஹோஸை விடாமல்.

"தண்ணி ஊத்தணும்! இருபது நிமிஷம் ஊத்தணும்! அப்புறம் கொல்லுங்க! இப்ப தண்ணி ஊத்தணும்!" என்று கத்தினாள்.

செங்கல் அவள் முதுகில் விழுந்தது. நான் அப்போதுதான், என்ன வந்ததோ தெரியவில்லை, கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய் ஹோஸை வாங்கினேன். முதுகெல்லாம் நாற்பத்தோரு பேரின் சளியோடு இருந்த என்னைப் பார்த்ததும் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. வீரத்துக்காக அல்ல, நோய்க்குப் பயந்து. நான் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் தண்ணீர் பீய்ச்சினேன். யாரோ வாட்ச்மேனை ஒரு வேனில் ஏற்றினார்கள்.

வாட்ச்மேன் மூன்றாம் நாள் இறந்தார். தம்பிக்கு வலது கண் போனது. மொட்டையை ஒரு வாரம் கழித்து ஒரு லாரி நிறுத்தத்தில் பிடித்தார்கள். நாற்பத்தோரு நோயாளிகளையும் திரும்ப வரச் சொல்லி நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். வராத மூவரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி; அவளைத் தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்தது, இனித் தேட வேண்டாம் என்று அடுத்த வீட்டில் கையசைத்தார்கள். புட்டி அக்கா மாவுக்கட்டோடு வந்து ஒற்றைக் கையால் குடுவை கழுவினாள். டாக்டரம்மா போகச் சொல்லிப் பார்த்தார். "வீட்ல இருந்தா மட்டும் என்ன மேடம்? அங்க அம்மா என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்குது" என்றாள்.

கேஸ் கோர்ட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேலானது. வாட்ச்மேன் தலையில் ஒரு காயம், தோளில் ஒரு காயம். உயிரை எடுத்தது தலைக்காயம் என்று போஸ்ட்மார்ட்டம் சொன்னது. அந்த அடியை யார் அடித்தது என்பதுதான் கேள்வி. மொட்டை தம்பியைச் சொன்னான், தம்பி மொட்டையைச் சொன்னான். நான் செருப்புகளைப் பார்த்தவன், கண்ணை மூடிக்கொண்டவன். கூண்டில் நின்று அதைத்தான் சொல்ல முடிந்தது. வக்கீல் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மிச்சமிருந்தது அவள் ஒருத்தி.

அவள் முறை வருவதற்கு முன்னால், வராந்தாவில் அவளுடைய அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அடியையும் மொட்டை தலையில போட்டுடுடி. அவன் எப்படியும் உள்ள போறவன்தானே? என் பிள்ளைக்கு ஒரு கண்ணுதான்டி இருக்கு."

எதிர் பெஞ்சில் வாட்ச்மேனின் மனைவி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

உள்ளே வக்கீல் கேட்டார். "முகத்தை மூடியிருந்த ஆளை எப்படி அடையாளம் சொல்றீங்க?"

"என் தம்பிங்க. நான் தூக்கி வளர்த்தவன்."

"தலையில அடிச்சது யாரு?"

"தோள்ல அடிச்சது மொட்டை. தலையில அடிச்சது என் தம்பி."

"நிச்சயமா?"

"வாட்ச்மேன் அப்ப குப்புறக் கிடந்தாருங்க. கால்தான் பிடிச்சாரு. அவர் திருப்பி அடிக்கல." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. தம்பி கூண்டிலிருந்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெளியே வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றி அடித்தாள். முகத்தில், தலையில், ஆறிய கையில். "நீ நாசமாப் போக! பிள்ளையக் கொன்னவளே!" நான் தடுக்கப் போனேன். "விடுங்க சார்" என்றாள் அக்கா. அம்மாவின் கை ஓயும்வரை நின்றாள். வாட்ச்மேனின் மனைவி அதைப் பார்த்தார். கிட்டே வந்து, தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை. தம்பிக்கு ஆயுள், மொட்டைக்குப் பத்து வருடம். அம்மா வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள்.

அதன்பின் இரண்டு வருடம் கழித்து ஜெயில் டாக்டரிடமிருந்து எங்கள் டாக்டரம்மாவுக்குக் கடிதம் வந்தது. கொட்டடிகளில் இருமல் பரவுகிறது. பெரிய இயந்திரத்துக்கு எல்லாரையும் அனுப்ப வழியில்லை. உங்கள் பரிசோதனையை இங்கேயே வந்து செய்வீர்களா என்று. நாங்கள் வெந்நீர்ச் சட்டியும் குப்பிகளுமாகப் போனோம். முந்நூற்று எட்டுப் பேர். குப்பிகளில் எண் மட்டும்தான் எழுதியிருக்கும். ஆனால் எண் எழுதி ஒட்டியதே புட்டி அக்காதான். நூற்றுப் பதினேழை நான் கலந்து உப்பு விட்டபோது, அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

பக்கத்துக் குப்பிகள் ஒவ்வொன்றாக நீலத்துக்குப் போயின. நூற்றுப் பதினேழு சிவப்பாகவே நின்றது.

"உப்பு சரியா விட்டீங்களா சார்?" இத்தனை வருடத்தில் அவள் என் கையைச் சந்தேகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"விட்டேன்க்கா."

"இன்னொரு வாட்டி பண்ணுங்க."

பண்ணினேன். சிவப்பு. மொத்தம் இருபத்தொரு சிவப்பு. ஆறு மாதம் தினமும் மாத்திரை விழுங்கினால் குணமாகிற நோய்தான். இருபது பேர் விழுங்கினார்கள். நூற்றுப் பதினேழு மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துச் சுவரில் துப்புகிறான், வலுக்கட்டாயமாக வாயைப் பிளந்த வார்டரின் விரலைக் கடித்துவிட்டான், அதற்கு நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டான் என்று ஜெயில் நர்ஸ் சொல்லி அனுப்பினார். கைதிகளைப் பார்க்க விடும் ஒரு மனு நாளில் அக்கா போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டாள்.

அவனை அழைத்து வந்தார்கள். பாதி முகம் உருகிய மெழுகுபோல இழுத்திருந்தது. வார்டர்கள் அடித்ததில் நெற்றி வீங்கியிருந்தது.

"எதுக்கு வந்த?" என்றான்.

"மாத்திரையைத் துப்பறியாமே?"

"துப்புவேன். உனக்கென்ன? உள்ள தள்ளினவ நீதானே?"

"நான்தான். நீ அடிச்சதை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன்."

"அப்ப சாகட்டும்னு விடு."

"நீ மட்டும் சாக மாட்டடா. உன் பக்கத்துல படுக்கறானே, அவனுக்கும் ஒட்டும்." கம்பியை நெருங்கி நின்றாள். "மாமாவை நீதானே ஒரு மைல் தூக்கிட்டு வந்த? வழி முழுக்க உன் முதுகுல ரத்தமாத் துப்பினாரே, மறந்துட்டியா?"

அவன் நல்ல கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நர்ஸ் கம்பிக்கு அந்தப் பக்கம் மாத்திரைகளையும் டம்ளரையும் நீட்டியபடி நின்றார். வார்டர் ஒருவர் தடியோடு அருகே வந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"முழுங்குடா."

வெகு நேரம் கழித்து அவன் கை நீண்டது. நான்கு மாத்திரைகள். ஒவ்வொன்றாக.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

தூக்கினான். உள்ளே ஒன்றுமில்லை. அவள் தலையாட்டினாள். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

ஜெயிலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் மனு நாளுக்கு வந்தவள்தான். மகன் அன்று அவளைப் பார்க்க மறுத்திருந்தான். அக்கா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். இரண்டு பஸ்கள் வந்து போயின. இரண்டு பேரும் ஏறவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முழுங்கினானா?"

"முழுங்கினான்."